ஒரு டன் புகையை நிறுத்த எத்தனை வெள்ளி (ரிங்கிட்)? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை சந்தைக்குப் பக்கத்துக் கடையில் நாலு பேர் பசியாறிக்கொண்டிருந்தோம். ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் நண்பர் ஒருவர் கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கிறார். "என்னால் ஆன மட்டும் புகையைக் குறைக்கிறேன்" என்றார். எதிரே இருந்தவர் சட்டைப் பையிலிருந்து மின்கட்டண ரசீதை எடுத்துத் தேத்தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் விரித்தார். "உன் கூரைக்கு நான்தான் பணம் கட்டுகிறேன், இதோ பார்" என்று ஒரு வரியைக் காட்டினார். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி, 1.6 விழுக்காடு. அவர் ரசீதில் அது 2 வெள்ளி 48 காசு.

முப்பத்தோரு ஆண்டு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தவன் நான். செக்ரோல் (கூலிப் பதிவேடு) எழுதிய கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2011ஆம் ஆண்டு புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல், சூரிய ஒளி, உயிரிவாயு, செம்பனைக் கழிவு, சிறிய நீர்மின் நிலையம் இவற்றிலிருந்து வரும் மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு வாங்க வேண்டும் என்றானது. சூரியத் தகடுக்கு 21 ஆண்டு ஒப்பந்தம். உயிரிவாயுவுக்கும் கழிவுக்கும் 16 ஆண்டு. அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத்தான் நம் ரசீதில் முதலில் 1 விழுக்காடு பிடித்தார்கள். 2014 ஜனவரியில் அது 1.6 ஆயிற்று. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் போகாத வீடுகளுக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

2011இல் 4 கிலோவாட் வரையிலான வீட்டுத் தகடுக்குக் கொடுத்த அடிப்படை விலை யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 காசு. அதே யூனிட்டை நிலக்கரி ஆலையிடமோ எரிவாயு ஆலையிடமோ வாங்கினால் 20 காசு என்று வைத்துக்கொள்கிறேன், கணக்கு எளிதாக இருக்க. ஆக, கூடுதல் 1 வெள்ளி 3 காசு. தீபகற்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக வெளியாகும் கரியமில வாயு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல், 0.76 என்று கொள்வோம். வகுத்தால் ஒரு டன் புகையை நிறுத்த 1,355 வெள்ளி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதுவே என் பல மாதச் சம்பளம். இவ்வளவு விலை கொடுத்தா புகையை வாங்குவது? எங்கே தவறு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூரைமேல்வெயில் எழுதியது:

ஐயா, கணக்கு சரி, பொருள்தான் பழையது. 1 வெள்ளி 23 காசு 2011இன் விலை. அதன் பிறகு ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். சூரியத் தகடுக்கு அந்தத் திட்டத்தில் புதிய ஒதுக்கீடு நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் நண்பர் அண்மையில் போட்டிருந்தால் அந்த 2 வெள்ளி 48 காசில் ஒரு காசுகூட அவருக்குப் போகவில்லை. முன்பே போட்டவர்களுக்குத்தான் போகிறது, 21 ஆண்டு முடியும் வரை.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2023இல் சேமிப்பிலிருந்து 22 ஆயிரம் வெள்ளி போட்டு என் கூரையில் தகடு வைத்தேன். குத்தகைக்காரர் தகடு மாட்டிவிட்டு மீட்டர் மாற்றுவதற்கு நான்கு மாதம் இழுத்தடித்தார். அந்த நான்கு மாதமும் என் கூரை வெயில் காய்ந்ததுதான் மிச்சம். அது தனிக் கதை. இன்று 300 வெள்ளி வந்த இடத்தில் 60, 70 வருகிறது.

ரசீதைக் காட்டிய அந்த நண்பரிடம் ஒன்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் பின்பாதியில் நிலக்கரி விலை ஏறியபோது நம் கட்டணம் ஏறாமல் இருக்க அரசாங்கம் 580 கோடி வெள்ளி கொடுத்தது. ஆறே மாதத்தில். அதற்கு ரசீதில் ஒரு வரி இருந்ததா? புகை விடுவதற்குக் கொடுக்கும் மானியம் கண்ணில் படாது. புகையை நிறுத்தக் கொடுப்பது மட்டும் 2 வெள்ளி 48 காசு என்று அச்சாகி வரும்.

வெடிவால் எழுதியது:

உலகம் விடும் புகையில் மலேசியாவின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. சீனாவும் அமெரிக்காவும் விடட்டும் என்று விட்டுவிட்டு சுங்கை சிப்புட்டில் மிக்சியை நிறுத்தச் சொல்கிறீர்களா? இந்த 1.6 விழுக்காட்டை நிறுத்தினால் ஏழைக்கு நல்லது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வெடிவால் தம்பி, ஏழைக்கு அந்தப் பிடித்தமே இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். வாசித்துவிட்டு வெடியுங்கள்.

மின்சாரத்தம்பி எழுதியது:

வணக்கம் ஐயா. ஈப்போவில் சூரிய மின் நிலையங்கள் அமைக்கும் வேலையில் இருக்கிறேன். என் பிழைப்பே இதுதான், எனவே நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே கேளுங்கள்.

உங்கள் 0.76 சராசரி. சராசரியைக் கொண்டு வகுத்தால் விடை அழகாக வரும், ஆனால் கேள்வி அது அல்ல. மதியம் ஒரு மணிக்கு உங்கள் நண்பரின் கூரையிலிருந்து மின்சாரம் வரும்போது எந்த ஆலை தன் அடுப்பைத் தணிக்கிறது? லேக்கிர் கடலோரத்தில் இருக்கும் மஞ்சோங் நிலக்கரி ஆலையை அடிக்கடி ஏற்றி இறக்க மாட்டார்கள், அது இரவு பகலாக ஒரே மூச்சில் ஓடும். ஏறி இறங்குவது பெரும்பாலும் எரிவாயு ஆலை. எரிவாயுவில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.4 கிலோதான். நிலக்கரியில் 0.9க்கு மேல். ஆகவே பகல் வெயில் எரிவாயுவைத் தணிக்கிறது என்றால் உங்கள் 1,355 வெள்ளி 2,575 ஆகிறது. நிலக்கரியைத் தணித்தால் 1,100க்குப் பக்கத்தில் வரும். ஒரே தகடு, ஒரே வெயில்.

இன்னொன்று. நம் பக்கத்து வெயில் நம்ப முடியாத வெயில். காலை பளிச்சென்று இருக்கும், மூன்று மணிக்கு மேல் கறுத்துவிடும். மழைக்குப் பேர்போன தைப்பிங்கைக் கேட்கவே வேண்டாம். ஒரு மேகம் தாண்டும் இரண்டு நிமிடத்தில் ஒரு நிலையத்தின் உற்பத்தி பாதிக்கும் கீழே விழுவதைத் திரையில் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தை நிரப்ப வேறோர் ஆலை அடுப்பு எரித்துக் காத்திருக்க வேண்டும், அல்லது மின்கலம் வேண்டும். அந்தச் செலவு யார் ரசீதிலும் தனி வரியாக வராது.

இதெல்லாம் சொன்னாலும் அக்கா சொன்னதுதான் உண்மை, விலை சரிந்துவிட்டது. 2020இல் அரசாங்கம் பெரிய சூரிய நிலையங்களுக்கு ஏலம் விட்டபோது யூனிட் 20 காசுக்குக் கீழேயே கேட்டவர்கள் உண்டு. உங்கள் நோட்டில் அந்த விலையைப் போட்டு வகுத்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

போட்டேன். பூச்சியம். நான் வைத்த 20 காசுக்கும் கீழே என்றால் டன்னுக்கு ஒரு காசும் இல்லை, மிச்சம் வேறு. மேகத்துக்கு ஆகும் செலவைத் தம்பி சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்படியானால் 2011இல் எதற்கு 1 வெள்ளி 23 காசு? பத்து ஆண்டு பொறுத்திருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்குமே?

கூரைமேல்வெயில் எழுதியது:

எல்லோரும் பொறுத்திருந்தால் விலை எப்படி இறங்கியிருக்கும் ஐயா? 2000ஆம் ஆண்டிலேயே ஜெர்மனிக்காரர்கள் இதைவிட அதிக விலை கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீட்டு ரசீதிலும் அதற்கென்று ஒரு மேல்கட்டணம். அது ஏறி ஏறி யூனிட்டுக்கு 6 யூரோ சென்டைத் தாண்டியது. 2022 ஜூலையில்தான் எடுத்தார்கள். அவர்கள் வாங்கியதால் சீனாவில் தொழிற்சாலை முளைத்தது. தொழிற்சாலை பெருத்ததால் விலை விழுந்தது. 2010க்கும் 2020க்கும் இடையில் பெரிய நிலையங்களின் சூரிய மின்சாரம் உலக அளவில் 85 விழுக்காடு மலிந்தது. நாம் சாப்பிடுவது ஜெர்மன்காரன் சமைத்த சோறு.

மின்சாரத்தம்பி எழுதியது:

அக்கா சொல்வது ஜெர்மனிக்குப் பொருந்தும். நாம் 2011இல் கொடுத்த 1 வெள்ளி 23 காசால் உலகத் தகடு விலை ஒரு காசும் இறங்கியிருக்காது, நம் சந்தை அவ்வளவு சிறியது. அதில் நாம் வாங்கியது வேறு: ஒயர்மேன்கள், ஆய்வாளர்கள், மீட்டர் விதிகள். நானே அந்த ஒதுக்கீட்டில் போட்ட கூரைகளில்தான் தொழில் கற்றேன். அதற்கு டன்னுக்கு எவ்வளவு என்று ஐயாவால் வகுக்க முடியாது.

குட்டைக்காவல் எழுதியது:

நான்கு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கூரையையே பார்க்கிறீர்கள். கொஞ்சம் கீழே பாருங்கள்.

பதினெட்டு ஆண்டு செம்பனை ஆலையில் இருந்தேன். முதலில் பாய்லர், இடுப்பு போன பிறகு கழிவுநீர்க் குட்டை. ஆலையைச் சொல்ல மாட்டேன், இப்போதும் அங்கே உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

பழக்குலை வந்து ஆவியில் வெந்து, பிழிந்து, எண்ணெய் எடுத்த பிறகு ஒரு பழுப்புத் தண்ணீர் மிஞ்சும். கொதிக்கக் கொதிக்க வரும், கை வைத்தால் தோல் உரியும். புளித்த கஞ்சி நிறம். அதை வாய்க்கால் வழியாகக் குட்டைக்கு விடுவோம். முதல் குட்டை ஆறினால் இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக. ஒரு குட்டையின் ஆழம் இரண்டு ஆள். மேலே ஆடை கட்டியிருக்கும், கெட்டியாக, கறுப்பாக. கோழி நடந்தால் தாங்கும். ஒரு முறை நடந்தும் இருக்கிறது. அந்த ஆடை ஓயாமல் வெடிக்கும். சாம்பார் கொதிக்கும்போது நடுவில் பெரிய குமிழ் எழுந்து உடையுமே, அந்தச் சத்தம். இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் குட்டை முழுக்க மூச்சுவிடும். வீட்டுக்கு வந்தால் மனைவி சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்வாள்.

அந்த மூச்சு மீத்தேன். பல ஆண்டுகள் நான் அதைக் காவல் காத்தேன், அது என்ன என்று தெரியாமல். பிறகு ஒரு நாள் பொறியாளர் ஒருவர் வந்து கணக்குச் சொன்னார். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்றார். ஒரு டன் பழத்துக்கு ஏறத்தாழ 0.65 கன மீட்டர் கழிவுநீர். ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு 28 கன மீட்டர் வாயு. அதில் பத்தில் ஆறு பங்கு மீத்தேன்.

ஐயா, நோட்டைத் திறங்கள். ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் பழம் அரைக்கும் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிரிவாயு மின்சாரத்துக்கு 2011இல் கொடுத்த அடிப்படை விலை 32 காசு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நேற்று இரவு பத்தரை மணி வரை உட்கார்ந்தேன். மூன்று முறை போட்டும் அதே விடைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு டன் பழத்துக்கு வாயு சுமார் 18 கன மீட்டர். அதில் மீத்தேன் 11 கன மீட்டர், எடையில் ஏழே முக்கால் கிலோ. 28ஆல் பெருக்கினால் 215 கிலோவுக்கு மேல். அந்த மீத்தேனை எஞ்சினில் எரித்தால் 40 யூனிட் மின்சாரம் வரலாம். அந்த 40 யூனிட் வேறோர் ஆலையில் மிச்சப்படுத்தும் புகை 30 கிலோ. கவனித்தீர்களா? மின்சாரத்தால் மிச்சமாவது 30 கிலோ, குட்டையை மூடியதால் மிச்சமாவது 215 கிலோ. மின்சாரம் இங்கே வாலாகிறது, மாடு குட்டைதான்.

இரண்டு லட்சம் டன் பழத்துக்கு 80 லட்சம் யூனிட். 32இல் 20 போக யூனிட்டுக்கு 12 காசு கூடுதல் என்றால் 9 லட்சத்து 60 ஆயிரம் வெள்ளி. மிச்சமாவது ஏறத்தாழ 49,000 டன். டன்னுக்கு 20 வெள்ளி கூட இல்லை.

கூரையில் 1,355. குட்டையில் 20. இரண்டும் ஒரே நிதியிலிருந்து, ஒரே 2 வெள்ளி 48 காசிலிருந்து போகிறது.

மின்சாரத்தம்பி எழுதியது:

ஐயா, கணக்கு கச்சிதம், ஆனால் இரண்டு இடத்தில் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மூடிய குட்டையிலும் கசிவு உண்டு. எஞ்சின் பழுதாகி நிற்கும் நாளும் உண்டு. 49,000 என்பது தாளில் வரும் எண், தரையில் அதைவிடக் குறையும். பாதி என்றே வைத்தாலும் டன்னுக்கு 40 வெள்ளிதான், அதனால் உங்கள் முடிவு மாறாது.

இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது. 2014 ஜனவரி 1 முதல் புதிதாகக் கட்டும் ஆலையும், கொள்ளளவைப் பெருக்க விண்ணப்பிக்கும் பழைய ஆலையும் குட்டை வாயுவைப் பிடிக்கவோ எழாமல் தடுக்கவோ வேண்டும் என்று செம்பனை எண்ணெய் வாரியம் விதி வைத்திருக்கிறது. விதிப்படி எப்படியும் செய்ய வேண்டியதற்கு மானியமும் கொடுத்தால், அந்த 215 கிலோவை மானியக் கணக்கில் எழுதலாமா? விதிக்குக் கட்டுப்படாத பழைய ஆலைக்கு எழுதலாம். புதிய ஆலைக்கு 30 கிலோவை மட்டுமே எழுத வேண்டும். அப்போது டன்னுக்கு 160 வெள்ளி ஆகிவிடும்.

குட்டைக்காவல் எழுதியது:

வாயுவைப் பிடித்துக் குழாய் முனையில் கொளுத்திவிட்டாலும் விதி நிறைவேறிவிடும் தம்பி. பல இடங்களில் அதுதான் நடக்கிறது. இரவில் தூரத்திலிருந்து பார்த்தால் செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு தீபம் எரிவது போலத் தெரியும். கார்த்திகைக்கு ஏற்றியது போல. மீத்தேன் எரிந்தால் கரியமில வாயுதான், 28 மடங்குத் தொல்லை போய்விடும். ஆனால் அந்த 40 யூனிட்டும் காற்றோடு போகிறது.

ஏன் மின்சாரமாக விற்கவில்லை என்றால், ஆலை இருப்பது தோட்டத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மின் கம்பி இருப்பது நெடுஞ்சாலையோரம். இடையிலே கம்பி இழுக்கும் செலவு ஆலைக்காரன் தலையில். ஆலைக்கு மின்சாரமும் தேவையில்லை, பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் பாய்லரில் போட்டுத் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறது. 32 காசுக்காகப் பன்னிரண்டு கிலோமீட்டர் கம்பி இழுப்பானா? என் ஆலைக்காரர் இழுக்கவில்லை. கூரைக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கைக் கம்பிக்குக் கொடுத்திருந்தால் இழுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இது என் நினைப்பு.

நெல்லைத்தென்றல் எழுதியது:

தமிழ்நாட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இங்கே 2024 முதல் ஒன்றிய அரசு 3 கிலோவாட் கூரைத் தகடுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மாநில அரசோ வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தருகிறது. சின்ன வீட்டுக்காரர், ஏற்கெனவே கட்டணம் குறைவாக இருக்கும்போது தகடு எதற்கு என்கிறார். ஒரு கை தூண்டுகிறது, மறு கை தட்டிக் கொடுத்துத் தூங்க வைக்கிறது. உங்கள் ஊரிலும் அதே கதைதான் போலிருக்கிறது.

வெடிவால் எழுதியது:

குட்டைக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். கூரைக்காரர்களுக்குக் கொடுத்ததுதான் தண்டம்.

லயத்துப்பிள்ளை எழுதியது:

இத்தனை பேரும் எழுதியதில் ஓர் ஆளைக் காணவில்லை. என் அம்மா அப்பாவை.

அவர்கள் இன்னமும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மாலை ஆறு முதல் இரவு பத்து வரை மட்டும் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடுமாம். பத்தாவதற்கு முன் விளக்கு இரண்டு தடவை மங்கி எழும்புமாம், பாயை விரியுங்கள் என்பதற்கு அடையாளம். அவர்கள் அரை வாழ்க்கையில் விட்ட புகை எவ்வளவு என்று கணக்குப்பிள்ளை ஐயா ஒரு நாள் போட்டுக் கொடுங்கள்.

இப்போது 24 மணி நேரமும் மின்சாரம் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது. ஆனால் கூரை அவர்களுடையது அல்ல, தோட்டத்தினுடையது. 2024இல் அரசாங்கம் கூரைத் தகடுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி, அதிகபட்சம் 4,000 வெள்ளி தள்ளுபடி என்று அறிவித்தபோது அப்பா என்னிடம் கேட்டார், "நமக்கும் உண்டா பாப்பா?" என்று. முதலில் கையிலிருந்து பதினெட்டு இருபதாயிரம் போட வேண்டும் என்றேன். அப்போது குறைந்தபட்ச ஊதியம் 1,500 வெள்ளி. அவர் சிரித்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

ஆசிரியை அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் தகடுக்கு நிதியிலிருந்து ஒரு காசும் வரவில்லை என்றீர்கள். சரி. ஆனால் பகலில் உங்கள் கூரையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு யூனிட்டுக்கும், இரவில் ஒரு யூனிட்டைக் கழித்துக்கொண்டீர்கள் அல்லவா? பழைய கட்டணத்தில் 300 யூனிட்டுக்கு மேல் 600 வரை ஒரு யூனிட் 51.60 காசு. உங்கள் கூரையிலிருந்து 51 காசுக்கு வாங்கிய அதே நாளில் பெரிய நிலையத்திலிருந்து 20 காசுக்குள் வாங்க முடிந்தது. நடுவில் இருக்கும் 30 காசை யார் கொடுத்தார்கள்?

கூரைமேல்வெயில் எழுதியது:

கோபமில்லை தங்கச்சி. இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபமல்ல, கேள்வி சரியானது.

ஒன்றுக்கு ஒன்று கழிக்கும் அந்த ஏற்பாட்டுக்கான புதிய விண்ணப்பம் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனக்குப் பத்து ஆண்டு ஒப்பந்தம் இருப்பதால் 2033 வரை ஓடும். கம்பி, கம்பம், பழுது பார்க்கும் ஆள் எல்லாவற்றின் செலவும் அந்த 51 காசுக்குள் இருக்கிறது. நான் கம்பியை இரண்டு பக்கமும் பயன்படுத்திவிட்டு அதற்குக் கொடுக்காமல் தப்பிக்கிறேன். அந்தப் பாரம் தகடு இல்லாதவர்கள் மீதுதான் விழும். இதை நான் யோசித்ததே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன், பிறகு ரசீதில் 62 வெள்ளி என்று பார்த்ததும் மறந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. நான் போடாமல் இருந்திருந்தால் உங்கள் அப்பாவுக்குக் கூரை கிடைத்திருக்குமா?

லயத்துப்பிள்ளை எழுதியது:

கிடைத்திருக்காது. அதனால்தான் உங்களைத் திட்டவில்லை அக்கா. மானியம் எழுதும்போது, வீடு சொந்தமாக வைத்திருப்பவன்தான் மின்சாரம் பயன்படுத்துகிறவன் என்று நினைத்து எழுதுகிறார்கள். தோட்டத்து வீட்டில் இருப்பவன், அடுக்குமாடி மலிவு வீட்டில் இருப்பவன், வாடகைக்காரன், மூன்று பேரும் வெளியே.

குட்டைக்காவல் எழுதியது:

தங்கச்சி, ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போனபோது, நம் ஊர்த் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார். பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) தொழிலாளர்களிடம் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார். என் தாத்தா பங்கு புத்தகத்தை அரிசி டின்னுக்குள் வைத்திருப்பார். சொந்தக் கூரை இல்லாதவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, கோயில் மண்டபத்துக் கூரையிலோ பள்ளிக் கூரையிலோ தகடு போட்டு, அவரவர் ரசீதில் கழித்துக்கொள்ள முடியுமா? மின்சாரத்தம்பிதான் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தம்பி எழுதியது:

அண்ணே, தகடு மாட்டுவது ஒரு வாரத்து வேலை. கோயில் கூரையில் வரும் மின்சாரம் கோயில் மீட்டரில்தான் கழியும். பத்து வீட்டு ரசீதில் பிரித்துக் கழிக்க விதியில் இடம் வேண்டும். என்னிடம் வரும் கோயில் நிர்வாகங்கள் கோயில் கட்டணத்தைக் குறைக்கத்தான் வருகிறார்கள், அதற்கே மூன்று பொதுக்கூட்டம் நடக்கும். பங்கு பிரிப்பது என்றால் தலைவர் தேர்தல் வரை போய்விடும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் தொடங்கிய இழை, எனவே என் முதல் பதிவைத் திருத்த வேண்டிய கடன் எனக்கு உண்டு. 1,355 என்று ஒற்றை எண் எழுதியது தவறு. இன்றைய நிலவரப்படி என் நோட்டில் இருப்பது இது: பழைய ஒதுக்கீட்டுக் கூரை, எதைத் தணிக்கிறது என்பதைப் பொறுத்து 1,100 முதல் 2,575 வெள்ளி வரை. ஏலத்தில் வந்த பெரிய நிலையம், மேகச் செலவு நீங்கலாகப் பூச்சியம். விதிக்குக் கட்டுப்படாத பழைய ஆலையின் குட்டை, கசிவு சேர்த்து 20 முதல் 40. விதிக்குக் கட்டுப்பட்ட புதிய ஆலை 160. ஒன்றுக்கு ஒன்று கழிக்கும் கூரைக்கு, லயத்துப்பிள்ளை சொன்ன 30 காசை 0.76ஆல் வகுத்தால் 400க்குக் கொஞ்சம் குறைவு.

என்னிடம் இந்த நிதியை ஒரு வருடம் கொடுத்தால் கூரைக்கு ஒரு காசு தர மாட்டேன். குட்டைக்காவல் அண்ணன் கேட்ட பன்னிரண்டு கிலோமீட்டர் கம்பியை முதலில் இழுப்பேன். சனிக்கிழமை இதைச் சொன்னபோது தாமான் நண்பர் எழுந்து போய்விட்டார், என் தேத்தண்ணீருக்கும் பணம் கட்டாமல்.

லயத்துப்பிள்ளை, உங்கள் வீட்டில் மாதம் எத்தனை யூனிட் ஆகிறது? 300க்குள் என்றால் பிடித்தம் இல்லை, அதையாவது உறுதி செய்துகொள்ளுங்கள்.

லயத்துப்பிள்ளை எழுதியது:

கேட்டேன் ஐயா. போன மாதம் 297, அதற்கு முந்தைய மாதம் 294. எப்படி இவ்வளவு சரியாக வருகிறது என்று வியந்தேன். அம்மா சொன்னார்: ஐந்து ஆண்டுக்கு முன் யாரோ 300ஐத் தாண்டினால் கட்டணம் ஏறும் என்று சொல்லிவிட்டார்களாம். அதிலிருந்து மாதத்தின் கடைசி வாரம் தினமும் மீட்டரைப் பார்த்துத் தம்பியின் பள்ளி நோட்டில் எழுதி வைக்கிறார். எண் கிட்டே வந்துவிட்டால் சோறு பின்கட்டில் விறகு அடுப்பில் வேகும். செம்பனை மட்டையும் பழைய பால்மரக் கட்டையும்தான் விறகு. தாண்டினாலும் அந்த 1.6 விழுக்காடு ஒன்றரை வெள்ளிக்கு மேல் வராது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த நோட்டைப் படம் எடுத்துப் போட முடியுமா? அம்மாவிடம் கேட்டுவிட்டு.